பேருந்தைப் படித்த பருவம்

எங்கள் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க எல்லாத் துறைகளும் சேர்ந்து ஒரே ஒரு பேருந்தைப் படித்தன. காலநிலை மாற்றத்தைத் தனிப் பாடமாக வைத்தால் ஏற்கெனவே கவலைப்படுகிறவர்கள் மட்டும்தான் வந்து உட்காருவார்கள். அதனால் கணக்கு, வேதியியல், செவிலியர் படிப்பு, நாடகம், தத்துவம் என்று எல்லா வகுப்புகளுக்குள்ளும் அதைக் கொண்டுபோக வேண்டும், கையில் தொட்டுப் பார்க்கிற ஒரு பொருளை எல்லோரும் சேர்ந்து ஆராய வேண்டும் என்பது திட்டம். அதை நடத்தியவர் புவியியல் பேராசிரியை. நான் அவருடைய உதவியாளர், முதுகலை மாணவி. பேருந்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான்.

எனக்கு அதில் சொந்தக் காரணமும் இருந்தது, மறைக்கவில்லை. டெக்சாஸில், ஃபிரிஸ்கோ பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருந்த எங்களைப் போன்றவர்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்த ஒரே வண்டி அது. கல்லூரியே ஓட்டியது. அந்த ஊரில் வேறு பேருந்து கிடையாது. நடைபாதைகூடப் பாதி வழியில் புல்லுக்குள் போய் முடிந்துவிடும். அந்தப் பருவம் தொடங்கும்போதே நிர்வாகம் அறிவித்துவிட்டது: பயணிகள் போதுமான அளவு ஏறாவிட்டால் டிசம்பரோடு நிறுத்திவிடுவோம். ஒவ்வொருவரும் ஏறும்போது ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார். அந்தக் கணக்குதான் பேருந்தின் உயிர். எனக்குக் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதை எப்போதும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியவர். அம்மா நூல் மில்லில் வேலை செய்தார். பேருந்து நிலையத்தில் பலகையை வாசித்து, எது பெருந்துறை வண்டி, எது கோபி வண்டி என்று அம்மாவுக்குச் சொல்வதுதான் படிப்பால் நான் வீட்டுக்குச் செய்த முதல் உபகாரம். ஊரில் எது கெட்டுப் போனாலும் அப்பா ஒரே வார்த்தை சொல்வார்: "படிச்சவங்க பாத்துக்குவாங்க கண்ணு." தெரியாததால்தான் உலகம் தப்பாக நடக்கிறது, தெரிந்தவர்கள் கையில் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் வீடே நம்பியது. ஒரு கல்லூரி முழுவதையும் ஒரு பேருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வைத்தால் அந்தப் பேருந்து பிழைத்துவிடும் என்று நானும் நம்பினேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தோம். நிறுத்தத்தின் இரும்பு இருக்கை மதிய வெயிலில் எவ்வளவு சுடுகிறது என்று இயற்பியல் மாணவர்கள் துப்பாக்கி போன்ற ஒரு கருவியை நீட்டி அளந்தார்கள். வேதியியல்காரர்கள் புகையைப் பைகளில் பிடித்தார்கள். நடுவில் பேருந்து நகர்ந்துவிட்டதால் ஒருவர் பையோடு பின்னால் ஓடினார். எழுத்து வகுப்பு எழுதிய கவிதைகளைப் பேருந்துக்குள் ஜன்னலுக்கு மேலே ஒட்டினோம். தத்துவ வகுப்பில், காரில் தனியாகப் போகிற ஒருவனுக்கு அந்தச் சூட்டில் எவ்வளவு பங்கு என்று கேட்டு இரண்டு வாரம் பேசினார்கள். செவிலியர் மாணவிகள் வெயில் மயக்கத்தின் அறிகுறிகளை ஒரே பக்கத்தில், சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் வந்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

எல்லோரும் காரில் வந்தார்கள். பேருந்தைப் படிக்கக் காரில் வந்தார்கள். நாடகத் துறை நிறுத்தத்திலேயே ஒரு குறுநாடகம் போட்ட அன்று, பார்க்க வந்தவர்களின் கார்கள் பேருந்து நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டன. பேருந்து சாலை நடுவிலேயே நின்று எங்களை ஏற்றியது. பேராசிரியை கை தட்டிக்கொண்டே என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "பார்த்தாயா, எவ்வளவு ஈடுபாடு!"

ஆனாலும் செப்டம்பர் முதல் வாரங்களில் பேருந்து நன்றாகத்தான் ஓடியது. புதிதாக வந்த இந்திய மாணவர்களே பாதிக்கு மேல் இருந்தார்கள். வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு முதலாண்டுப் பெண் என்னை அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். கணக்கு வகுப்பில் இந்தப் பேருந்தில் ஏறுகிறவர்களை எண்ணி வரைபடம் போடுவதுதான் அவளுக்குப் பாடம். "அக்கா, நான் ஏர்றேன், நானே என்னை எண்றேன். செம போங்கு இல்ல?" என்று சிரிப்பாள். முன் இருக்கையில் கல்லூரி உணவுக்கூடத்தில் சமைக்கிற அம்மாள் உட்காருவார். எல் சால்வடார்க்காரர். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். நிறுத்தத்தில் தன் குடையை என் பக்கம் சாய்ப்பார். ஒருநாள் ஜன்னலுக்கு மேலிருந்த கவிதையைக் காட்டி என்ன சொல்கிறது என்று கேட்டார். பூமி ஒரு காத்திருப்பு அறை என்று சொல்கிறது என்றேன். சற்று யோசித்துவிட்டு, "ஏசி இருக்கிற அறையா?" என்றார்.

விநாயகர் சதுர்த்தியை ஒட்டி, ஊர்த் தமிழர்கள் வார இறுதியில் நடத்தும் தமிழ்ப் பள்ளியில் ஒரு விழா. நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டி அங்கே பாடம் எடுப்பவர். "நீ உன் புராஜெக்ட் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசேன். பேரன்ட்ஸ் எல்லாம் வருவாங்க. சும்மா டான்ஸும் பாட்டுமாவே போகுது," என்றார். பேருந்துக்கு ஆள் சேர்க்க இதைவிட நல்ல இடம் ஏது என்று ஒப்புக்கொண்டேன்.

செவிலியர் மாணவிகளின் அந்தப் பக்கத்தை நானே தமிழில் எழுதினேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். நாக்கு வறள்வது, தலை கிறுகிறுப்பது, வியர்வை நின்றுபோவது, பேச்சு குழறுவது. மேடையில் அதைச் சொல்லிவிட்டு, அந்த நிறுத்தத்தில் நிழல் இல்லை என்றேன். இத்தனை சூடு எங்கிருந்து வருகிறது, இத்தனை கார்கள் ஏன், பேருந்து இருந்தால் எவ்வளவு குறையும் என்று அடுக்கிக்கொண்டு போனேன். கடைசியில், இந்தப் பேருந்தை வாழவைக்க நீங்கள் எல்லோரும் உதவ வேண்டும் என்று கேட்டேன். நன்றாகப் பேசினேன், எனக்கே தெரிந்தது. அரங்கம் எழுந்து கை தட்டியது. கொழுக்கட்டைத் தட்டோடு இரண்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விழாவுக்கு வரும் கார்களை ஒழுங்குபடுத்துகிற ஒரு அங்கிள் உண்டு. ஆரஞ்சு நிற மேல்சட்டையும் கையில் வாக்கி டாக்கியுமாக நிற்பார். பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மேல்சட்டையைக் கழற்றாமலேயே மேடைக்கு அருகில் வந்தார்.

"ஏம்மா, நம்ம பசங்க இவ்ளோ கஷ்டப்படறாங்களா? எங்களுக்குத் தெரியவே தெரியாதே! மண்டேலேர்ந்து ஒரு பையன், ஒரு பொண்ணு வெயில்ல நிக்கக் கூடாது. நான் பாத்துக்கறேன்."

"அங்கிள், நான் கேட்டது பஸ்ஸுல ஆளுக ஏறணும்னுங்க."

"அதான்மா. பஸ் எல்லாம் எதுக்கு? நாங்க இருக்கோம்ல!"

"இல்லைங்க அங்கிள், ஆளு ஏறலைன்னா பஸ்ஸ நிறுத்தீருவாங்க."

"நிறுத்தட்டுமே. அப்பகூட நாங்க இருப்போம்." என் தோளைத் தட்டிவிட்டு வாக்கி டாக்கியில் யாரையோ கூப்பிட்டார்.

அன்று மாலைக்குள் ஒரு வாட்ஸாப் குழு வந்துவிட்டது. நிழல் என்று பெயர் வைத்திருந்தார். யார் யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள் என்று வரிசையாகப் பதிவுகள். வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கிறவர்கள், மகனைப் பள்ளியில் விட்டுத் திரும்புகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். எதையாவது கேட்டால் இந்த ஊர்த் தமிழர்கள் தங்களிடம் இருப்பதைக் கொடுப்பார்கள். அவர்களிடம் கார் இருந்தது.

திங்கட்கிழமை நிறுத்தத்தில் வேளச்சேரிப் பெண் இல்லை. புதன்கிழமைக்குள் பாதிப் பேர் இல்லை. அவளைக் கணக்கு வகுப்பு வாசலில் பிடித்தேன்.

"அக்கா, செம ஏசிக்கா. அந்த ஆன்ட்டி இட்லி வேற குடுத்தாங்க, மொளகாப்பொடி தடவி!"

"நீயே எண்ற பஸ்ஸுல நீயே ஏறலைன்னா எப்படி?"

"நான் ஒருத்தி ஏர்றதால டல்லாஸ்ல மழை பெய்யப் போகுதாக்கா?"

"எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க."

"அப்ப எல்லார்கிட்டயும் கேளுங்க. என்னை மட்டும் புடிச்சுக்கறீங்களே," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்த வாரம் அவள் வரைந்த வரைபடத்தில் பேருந்தின் கோடு மலையிலிருந்து உருட்டிவிட்டது போல இறங்கியது. அழகான படம். பேராசிரியை அதைச் சுவரில் ஒட்டினார்.

நான் காரில் ஏறவில்லை. அங்கிள் தினமும் காலையில் நிறுத்தத்தின் முன்னால் நிறுத்திக் கண்ணாடியை இறக்குவார். "வாம்மா." நான் வேண்டாங்க அங்கிள் என்பேன். மறுநாள் இன்னொருவர் வருவார். ஆன்ட்டிக்குப் புகார் போனது.

"ஏன் ஏற மாட்டேங்கற? அவரு ரொம்ப ஃபீல் பண்றாரு. உன் பேயிங் கெஸ்ட் பொண்ணுக்கு ஏன் இவ்ளோ திமிர்னு என்கிட்டயே கேக்கறாங்க."

"கேக்கட்டுங்க ஆன்ட்டி."

"நீ மயங்கி விழுந்தா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? நீதானே மேடையில சொன்ன, நாக்கு வறளும், பேச்சு குழறும்னு?"

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அவர் மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஷி ஹாஸ் எ பாயின்ட், மாம்," என்றாள்.

"யாருடி? நானா, அவளா?"

"போத்."

பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். நம் பாடம்தான் பேருந்தைக் காலி செய்கிறது என்றேன். அவர் கண் விரிந்தது. "இது மிகச் சுவாரசியமான கண்டுபிடிப்பு. சமூகவியல் துறையையும் சேர்த்துக்கொள்ளலாமே," என்றார். சேர்த்துக்கொண்டோம். அவர்களும் காரில் வந்தார்கள்.

அக்டோபரில் ஒரு காலை. நிறுத்தத்தில் நானும் உணவுக்கூடத்து அம்மாளும் மட்டும். அதற்குள் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் ஆகியிருந்தன. வெயில் இன்னும் தணியவில்லை. அங்கிளின் கார் வந்து நின்றது, பெரிய வண்டி, பின் இருக்கை முழுதும் காலி.

"இன்னைக்காவது ஏறும்மா. பஸ் லேட்டு, நான் டிராக்கர்ல பாத்துட்டேன்."

"நாங்க ரெண்டு பேருங்க அங்கிள்."

அவர் அந்த அம்மாளைப் பார்த்தார், புன்னகைத்தார், கை உயர்த்தினார். பிறகு தமிழில் குரலைத் தாழ்த்தி, "யாருன்னு தெரியாதேம்மா. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் அது இதுன்னு ஆயிடும். நம்ம பசங்களுக்குத்தான் இது," என்றார்.

"அப்ப நான் பஸ்ஸுலயே வர்றனுங்க."

"பிடிவாதம்!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கோபமாகக்கூட இல்லை. தன் மகளைச் சொல்வது போலச் சொன்னார். கண்ணாடி ஏறியது. அந்த அம்மாள் என்ன சொன்னார் அவர் என்று கேட்டார். இடமில்லையாம் என்றேன். நகர்ந்துபோகும் காரின் பின் கண்ணாடியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். குடையை மட்டும் வழக்கம்போல என் பக்கம் சாய்த்தார்.

நவம்பரில் முடிவு சொல்லும் கூட்டம். பேராசிரியையின் அறிக்கை அருமையாக இருந்தது. எல்லாத் துறைகளின் வேலையும் அதில் பளிச்சென்று நின்றது. கடைசிப் பக்கத்தில் அங்கிளின் படம் ஆரஞ்சு மேல்சட்டையோடு. சமூகத்தின் பங்களிப்பு என்று தலைப்பு. அவரையும் அழைத்திருந்தார்கள். பட்டுச் சட்டை போட்டு வந்து, எனக்குப் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

கல்லூரியின் போக்குவரத்து அதிகாரி எழுந்து, பேருந்தில் ஆள் இல்லை என்றார். ஆனால் அந்த இடத்தைச் சமூகமே நிரப்பியிருப்பது மனதுக்கு இதமாக இருக்கிறது, ஆகவே நிறுத்துவதால் யாரும் பாதிக்கப்படப் போவதில்லை என்றார். எல்லோரும் அங்கிளைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். அவர் எழுந்து கும்பிட்டார்.

நான் எழுந்தேன். என் ஆங்கிலம் அன்று எங்கும் தடுக்கவில்லை. அந்தக் கார்களில் போகிறவர்கள்தான் இந்தப் பேருந்தின் பயணிகள் என்றேன். வெயில் ஆபத்து என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தோம். எல்லோரும் கற்றுக்கொண்டு அவரவர் பிள்ளைக்கு மட்டும் நிழல் தேடிக்கொண்டார்கள் என்றேன். உங்கள் மதிய உணவைச் சமைக்கிறவர் அந்தக் குழுவில் இல்லை, ஜனவரியில் அவர் எப்படி வருவார் என்று கேட்டேன்.

பேராசிரியை மெல்லச் சொன்னார், "எவ்வளவு வலிமையான பார்வை. இதை அறிக்கையில் 'சிந்தனைகள்' பகுதியில் சேர்த்துவிடலாம்." அதிகாரி தலையசைத்தார். அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

தாழ்வாரத்தில் அங்கிள் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"பசங்களுக்கு நல்லதுதானேம்மா பண்ணேன்?"

"ஆமாங்க அங்கிள்."

"அப்புறம் ஏன்மா எல்லார் முன்னாடியும்..."

அவர் ஒரு கெட்ட மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அவரே, "அந்த லேடிக்கும் யாராவது முடியுமான்னு கேக்கறேன். குரூப்ல போடறேன்," என்றார். போடவும் போட்டார். கீழே ஒரு கட்டைவிரல் வந்தது, இரண்டு கும்பிடு வந்தது. காப்பீட்டைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டார். அதற்குப் பதில் வருவதற்குள், யாருக்கோ உறைய வைத்த பரோட்டா எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிய வேண்டியிருந்தது. பேச்சு அங்கே போய்விட்டது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை.

"பஸ்ஸ நிறுத்திப் போடறாங்களா? ஏங் கண்ணு, நீ எழுதிக் குடுக்கலயா?"

"குடுத்தனம்மா. எல்லாரும் படிச்சாங்க."

"படிச்சுமா?"

"படிச்சும்தான்."

"படிச்சவங்க ஊராச்சே சாமி," என்றார். ஈரோட்டில் பின்னால் ஏதோ வண்டியின் ஹாரன் கேட்டது. "எனக்குத் தெரியலம்மா," என்றேன். எங்கள் வீட்டில் நான் தெரியாது என்று சொல்லி முடித்த முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார் என்று பயம்.

கடைசி நாள் பேருந்தில் நாங்கள் இருவர்தான். கவிதைகளை யாரும் கழற்றவில்லை. சித்தி மகன் கொஞ்ச நாள் கொண்டுவிடுவான், அப்புறம் தெரியாது என்றார் அந்த அம்மாள். இறங்கும்போது ஓட்டுநருக்கும் எனக்கும் கை கொடுத்தார். ஜனவரியில் உணவுக்கூடத்துக்குப் போனால் அந்த இடத்தில் வேறொருவர் கரண்டி பிடித்திருந்தார். முன்பு இருந்தவர் எங்கே என்று கேட்டேன். "யார்?" என்றார். பெயர் சொன்னேன். உள்ளே போய் விசாரித்து வந்து, நேரத்துக்கு வர முடியவில்லையாம், நின்றுவிட்டாராம் என்றார். என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

நிழல் குழுவும் அந்த மாதமே வாடிவிட்டது. பல கம்பெனிகள் எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டன. சிலர் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, சிலர் இந்தியா போய்விட்டார்கள். அங்கிள் மட்டும் காலையில் "டுடே எனி டிரைவர்ஸ்?" என்று போடுவார். அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, அவராலும் ஓட்ட முடியவில்லை. யாரும் பதில் போடுவதில்லை. இந்தக் குளிரில் வெயில் மயக்கமும் வராதல்லவா. மாணவர்கள் ஆளாளுக்குப் பழைய கார் வாங்கினார்கள்.

பேராசிரியையின் பாடத்திட்டத்துக்குக் கல்லூரியில் நல்ல பெயர். அடுத்த பருவத்துக்கும் அனுமதி கிடைத்தது. இந்த முறை எல்லாத் துறைகளும் சேர்ந்து வளாகத்து ஏரியைப் படிக்கப் போகின்றன. உதவியாளராகத் தொடர்கிறாயா என்று கேட்டார். தொடர்கிறேன் என்றேன். விசாவுக்கு அது வேண்டும். பேருந்துக் கோப்புகளை என் கையாலேயே பழையவை என்ற பெட்டிக்கு மாற்றினேன்.

பேருந்து நின்ற பிறகு ஆன்ட்டிதான் என்னைக் கொண்டுவிடுவார். போன வாரம் அவருக்கு அலுவலகம் இருந்த ஒரு நாள் நடந்தே கிளம்பினேன். பெருஞ்சாலையை ஒட்டிய சாலையில் நடைபாதை முடிந்த பிறகு புல்லில் நடந்தேன். காற்று முகத்தை அறுத்தது. ஒரு சின்ன வெள்ளைக் கார் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. வேளச்சேரிப் பெண்.

"அக்கா! நடக்கறீங்களா? லூஸாக்கா நீங்க? ஏறுங்க ஏறுங்க."

ஏறினேன். கைகள் மரத்திருந்தன. அவள் சூட்டைக் கூட்டி வைத்தாள். புது ஓட்டுநர், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன். அந்த பஸ் புராஜெக்ட் இருக்கே, லைஃப் சேஞ்சிங்க்கா. நம்ம ஊர்ல எல்லாம் இப்படி சொல்லியே தர மாட்டாங்க. இன்டர்ன்ஷிப் இன்டர்வியூல அதத்தான் சொன்னேன். அவங்க அப்படியே இம்ப்ரஸ் ஆயிட்டாங்க."

"கெடச்சுதா?"

"கெடச்சுருச்சுக்கா!"

சந்தோஷம் என்றேன். உண்மையாகவே அவள் கெட்டிக்காரி. வளாகத்துக்குள் நுழைந்தோம். முதல் கார் நிறுத்தகம் நிரம்பியிருந்தது. இரண்டாவதும் நிரம்பியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு கார், அதற்கு முன்னால் இன்னொன்று, ஒவ்வொன்றிலும் ஒருவர், யாராவது வெளியேறுவார்களா என்று பார்த்துக்கொண்டே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தினமும் இதே கொடுமைக்கா," என்றாள் அவள். "இதுக்கு ஏதாவது பண்ணணும்."

நாங்களும் அந்த வரிசையில் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தோம்.